அங்கணத்து வல்லாரை

உலையில் அரிசி போட்டாயிற்று, இன்னும் மருமகளைக் காணோம். நான் அடுப்பங்கரை ஜன்னலை விட்டு அசையவில்லை. குளித்துவிட்டாளா, தலையில் துண்டு கட்டியிருக்கிறாளா, கையில் ஓலைக் கொட்டான் இருக்கிறதா, இங்கே நின்றால் எல்லாம் தெரியும். ஆனி பிறந்ததிலிருந்து சாரல் விடவில்லை. தென்காசியில் இந்த மாதம் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, என்னைப் போன்றவளுக்கு முட்டி வலிக்கும், வல்லாரைக்கு மட்டும் கொண்டாட்டம். ஜன்னலுக்கு நேர் கீழே பாத்திரம் கழுவுகிற அங்கணம், அதன் தண்ணீர் வழிகிற ஓரத்தில் என் பாத்தி. ஒரு பக்கம் பக்கத்து வீட்டுக்காரன் என்னோடு சண்டை போட்டு எழுப்பிய உயரச் சுவர், இன்னொரு பக்கம் நார்த்தை மரம். வெயில் எட்டிப் பார்க்காத இடம். சுவரை எழுப்பி எனக்குக் கெடுதல் செய்வதாக நினைத்தான், நிழல் செய்து கொடுத்தான் முட்டாள். வல்லாரைக்கு வெயில் பட்டால் இலை சிறுத்து மஞ்சளித்துப் போகும், காய்ந்தால் சுருளும், தேங்கினால் அழுகும். எப்போதும் ஈரம், எப்போதும் நிழல், மண்ணில் விரலை வைத்தால் விரல் நனைய வேண்டும், அவ்வளவுதான். சோப்புத் தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டேன். அரிசி களைந்ததும் காய் அலசியதும் மட்டும் அதற்கு. சுடுதண்ணீர் கூடவே கூடாது. பாத்திரம் தேய்க்க வந்த ஒருத்தி பருப்பு வடித்த தண்ணீரைச் சூட்டோடு ஓரத்தில் கொட்டினாள், ஒரு முழத்துக்குச் செடி அவிந்து போயிற்று, அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டேன். புருஷன் இல்லாதவள், கெஞ்சினாள். செடி கெஞ்சவில்லையே, அதற்காக நான்தானே பேச வேண்டும்.

ஞாபகத்துக்கு நல்லது, துவையல் அரைத்துச் சாப்பிடு என்று ஊரெல்லாம் சொல்கிறது. எனக்கு எதற்கு? நான் எதையும் மறந்ததில்லை, யாரையும் மன்னித்ததும் இல்லை. துவையல் என் மகன் குற்றாலிங்கத்துக்கு, அவனுக்கு அது இல்லாமல் சோறு இறங்காது. தினமும் காலையில் ஒரு கைப்பிடி இலை பறிக்க வேண்டும். வேரைப் பிடுங்காமல், இலையைக் காம்போடு கிள்ள வேண்டும். சுகந்தி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாளே கொட்டானைக் கையில் கொடுத்து, இது உன் வேலை என்றேன். வேலை என்றா கொடுத்தேன்? காவலுக்குப் போட்டேன், அவளுக்கு அவளையே. வீட்டுக்குத் தூரமான நாளில் எவளும் வல்லாரைக்குள் கால் வைக்க மாட்டாள். வைத்தால் கருகிவிடும். துளசி, கறிவேப்பிலை, மல்லிகை எல்லாவற்றுக்கும் இதே கதைதான் என்றாலும் வல்லாரைக்கு ரோஷம் அதிகம். ஆகவே மாதத்தில் அந்த ஒரு காலையில் அவள் வாசலோடு நின்று, "அத்தை, இன்னிக்கு நீங்களே பறிச்சுக்கோங்க" என்பாள். அந்த ஒரு வரிக்காகத்தான் மாதம் பூராவும் நான் இங்கே நிற்பது. "சரி, செடியாவது பொழச்சுதே" என்பேன் நான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொல்வேன். கல்யாணமாகி எத்தனை மாதம் கேட்டிருக்கிறாள் அதை! கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதுகிறவள், படித்தவள். கொட்டானை மட்டும் படியில் வைத்துவிட்டுப் போவாள். அந்தக் கொட்டான் வைக்கிற சத்தம் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

எனக்கு யார் வெட்கப்பட்டார்கள்? என் மாமியார் பட்டாளா? இந்த வல்லாரையே அவளுடையதுதான், பழைய வீட்டில் மாட்டுத் தொழுவுக்குப் பின்னால் கழிநீர் ஓடுகிற இடத்தில் பாய் விரித்த மாதிரிக் கிடந்தது. வீடு பாகம் பிரிந்தபோது வெண்கல உருளிக்குச் சண்டை போடாமல் ஒரு கொடியைக் கணுவோடு வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவள் நான். கணு மண்ணைத் தொட்டால் போதும், அங்கே ஒரு வேர், அங்கிருந்து இன்னொரு கொடி, அது தொட்ட இடத்தில் இன்னொரு வேர். ஒன்று செத்தாலும் இன்னொன்று பிழைக்கும். நான் புதுப்பெண்ணாக வந்த மாதம் எனக்கு ஒன்றும் தெரியாது, தூரமாக இருக்கும்போதே எலுமிச்சம்பழம் உருண்டு விழுந்ததென்று அந்தப் பாத்திக்குள் இறங்கிவிட்டேன். அத்தை, அதுதான் என் மாமியார், பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலையில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாள். நான் நின்ற இடத்திலிருந்து நார்க்கட்டில் அகலத்துக்குப் பாத்தி அவிந்து, கறுத்து, வழவழவென்று தரையோடு ஒட்டிக் கிடந்தது. "பாத்தியா வடிவு, உன் கால் பட்ட லெச்சணத்த" என்றாள். சங்கரவடிவு என்று என் அப்பா ஆசையாக வைத்த பேர் எனக்கு. என் புருஷன் அந்தக் கறுப்பையும் என் காலையும் மாறிமாறிப் பார்த்தார். பிச்சம்மாக்கா, என் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, எனக்கு முன்னால் வந்த மருமகள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். சிரித்தாளா பயந்தாளா இன்றுவரை தெரியாது. அத்தை அன்றைக்குக் காலில் மஞ்சள் பத்துப் போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடந்தாள், ஏதோ கொட்டிவிட்டதாம், அந்த வலியோடும் என்னைத் திட்ட ஒரு குறைவும் வைக்கவில்லை. அன்றிலிருந்து என் காலைக் கண்டாலே எனக்கு அருவருப்பு. அந்த நாட்களில் தொழுவில் சாக்கை விரித்துப் படுத்திருப்பேன். மாடு மூத்திரம் பெய்தால் தெறிக்கும். என்னைவிட மாடு சுத்தம் என்று நினைத்துக்கொள்வேன், நிஜமாகவே நினைத்தேன்.

அதனால்தான் அம்மாவைத் தொடவில்லை. அரிசி கொதிக்கிற சத்தம் மாறுகிறது, ஒரு பருக்கையை எடுத்து நசுக்குகிறேன், இன்னும் உள்ளே வெள்ளை இருக்கிறது. கடையநல்லூரில் அம்மா செத்துப்போன தகவல் வந்தபோது நான் தொழுவில் இருந்தேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை, அதை நான் மறைக்க மாட்டேன். போனேன். வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்றேன். தம்பி வந்து, "யக்கா, ஒரு தடவ மொகத்தத் தொட்டுக்கோக்கா, தூக்கப் போறாவ" என்று அழுதான். எனக்கு அந்தக் கறுத்த பாத்திதான் கண்ணில் வந்தது. நான் தொட்டு அம்மா முகம் அப்படி ஆகிவிட்டால்? மஞ்சள் பூசி, நெற்றியில் காசு ஒட்டி, தூங்குகிற மாதிரி இருந்தாளாம், சொன்னார்கள். நான் பாதத்தை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தேன், பாடை திரும்பும்போது. இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன்? நினைக்கவேண்டியது வேறு. நான் செய்தது சரி. அவ்வளவுதான். சரியானதைச் செய்தவள் அதைத் திரும்பத் திரும்ப நினைக்கவேண்டியதில்லை.

இப்போது சித்திரைக்கு வருவோம். சித்திரையில் நான் சுகந்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன், ஆடி பிறக்கிறதுக்குள் ஒன்றும் இல்லையென்றால் உன் அப்பா வீட்டுக்குப் போய் இரு, என் மகனுக்கு வயசு போகிறது என்று. கத்தவில்லை, மோர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னேன். அவள் மோரைக் குடித்தாள். அந்த மாதம், நீங்களே பறிச்சுக்கோங்க என்கிற அந்த வரி வரவில்லை. வைகாசியிலும் வரவில்லை. தினமும் கொட்டானோடு பாத்தியில் இறங்கினாள், கிள்ளினாள், ஏறினாள். மிரட்டினால் கர்ப்பப்பைகூடக் கேட்கும் என்று எனக்கு எவ்வளவு சந்தோஷம்! குப்பைக் கூடையையும் பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா, ஒன்றும் இல்லை. வாந்தி இல்லையே என்றால் எனக்கும்தான் இருந்ததில்லை. அவளிடம் வாய்விட்டுக் கேட்கவில்லை. மூன்று மாதம் முடியாமல் கேட்டால் தங்காது. நான் கேட்கக்கூடாது, அவள் சொல்லக்கூடாது, செடி சொன்னால் போதும். ஆனால் சுரண்டைக் கல்யாண வீட்டில் பிச்சம்மாக்கா தன் பேரப்பிள்ளைகளை ஒவ்வொன்றாக என் மடியில் உட்கார வைத்து, "தூக்கிப் பழகிக்கோ வடிவு, எப்பமாவது தேவப்படும்" என்றாளே, அப்போது எனக்கு வாய் நிற்கவில்லை. "எம் மருமவ முழுகாம இருக்கா" என்று பந்தியே கேட்கச் சொல்லிவிட்டேன். பொம்பிளைகள் எல்லாம் சுகந்தியைச் சூழ்ந்துகொண்டார்கள், ஒருத்தி வயிற்றையே தடவினாள். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வெட்கம் என்று நினைத்தேன். அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே, அந்த ஒரு முகத்துக்காக எத்தனை தொழுவில் வேண்டுமானாலும் படுக்கலாம். இன்றைக்கு அக்கா வருகிறாள், பிள்ளைத்தாய்ச்சிக்குப் போடுகிற வளையலோடு. சோறு வடிப்பதற்குள் வந்துவிடுவேன் என்று போனில் சொன்னாள்.

வந்துவிட்டாள். அக்கா இல்லை, சுகந்தி. தலையில் துண்டு, கையில் கொட்டான், சேலையைச் சற்றே தூக்கிச் செருகியிருக்கிறாள். பாத்திக்குள் இறங்குகிறாள். பார், எப்படி இறங்குகிறாள், நடுவில், அடர்த்தியான இடத்தில், வெறுங்காலோடு. எனக்கு நெஞ்சு குளிர்கிறது. உட்கார்ந்து கிள்ளுகிறாள். இலை ஒவ்வொன்றும் பழைய எட்டணா அகலம். இந்த வருஷம் போல என்றும் தழைத்ததில்லை, செங்கல் வரப்பைத் தாண்டி நார்த்தை மரத்தின் அடிமூடு வரைக்கும் போய்விட்டது. இவளை எனக்குப் பிடிக்காது, ஆனால் இவள் வயிற்றில் இருப்பது என்னுடையது. ஆடியில் இவளை அனுப்பவேண்டியதில்லை, பிள்ளை பிறந்த பிறகு வைத்துக்கொள்வதா என்று பார்க்கலாம். அவள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்க்கிறாள். நான் இங்கே நிற்பது அவளுக்கு எப்போதும் தெரியும்போல.

"அத்தை, உங்க டப்பாவுல வயித்துவலி மாத்திரை கெடக்கா?"

"எதுக்கு?"

"எதுக்குன்னா? மாசாமாசம் வலிக்கதுதான். நேத்து சாயந்தரத்துல இருந்து."

கரண்டி கையிலேயே இருக்கிறது. "நேத்தா? அப்ப எப்படிட்டி பாத்திக்குள்ள நிக்கே?"

"இன்னிக்கு மட்டுமா நிக்கேன்? போன மாசமும் நின்னேன். அதுக்கு முந்தின மாசமும் நின்னேன்." அவள் கையால் தரையை ஒரு தடவு தடவிக் காட்டுகிறாள். "பாருங்க. ஒரு எலை கருகியிருக்கா?"

"ஊரு பூரா சொல்லிட்டேனேட்டி! உனக்கு வாயில்லையா?"

"நீங்க என்ட்ட கேக்கலையே அத்தை. செடிட்டதான கேட்டீங்க."

சாரல் அவள் துண்டில் விழுகிறது. எழுந்து, நிதானமாக, ஒரு கொடியைக்கூட மிதிக்காமல் வெளியே வருகிறாள். "பெரியத்தை வளையலோட வாராவ. எங் கையில போட வந்தா நான் வாங்கமாட்டேன், அது பொய்யி. அதான் இப்பமே சொல்லிட்டேன். டாக்டரம்மா உங்க மவனையும் கூட்டிட்டு வரச் சொல்லுதாவ, சித்திரையில இருந்து கூப்பிடுதேன், அவுக வரமாட்டேங்காவ. அது ஏன்னும் செடிட்டயே கேட்டுக்கோங்க." கொட்டானைப் படியில் வைக்கிறாள். அந்தச் சத்தம். உள்ளே போய்விட்டாள்.

பொய் சொல்கிறாள். இல்லை, பொய் சொல்லவில்லை, முகத்தில் அந்தச் சோர்வு இருந்தது, எனக்குத் தெரியாதா. அப்படியானால் அக்காவிடம் என்ன சொல்வது? கலைந்துவிட்டது என்று சொல்லலாம். சொன்னால் இவள் வாயைத் திறப்பாள், இன்றைக்குத் திறந்த வாய் இனி மூடாது. என் மகன் டாக்டரிடம் ஏன் போகவில்லை? போகமாட்டான், ஆண்பிள்ளை எதற்குப் போகவேண்டும். அதை விடு. அக்கா சிரிப்பாள். சிரிக்கட்டும், அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். எனக்கு எது தாங்கவில்லை? ஏதோ ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டு நகரமாட்டேன் என்கிறது. ஒரு இலை கருகியிருக்கா. ஒரு இலை கருகியிருக்கா. மூன்று மாதம் நின்றிருக்கிறாள், அந்த மூன்று மாதமும்தான் அது இப்படித் தழைத்திருக்கிறது. இவள் கால் பட்டுக் கருகவில்லை என்றால் என் கால் பட்டு ஏன் கருகியது? என் காலில் மட்டும் என்ன விஷமா? இல்லை, கருகாது என்றால், எவள் கால் பட்டும் கருகாது என்றால், அந்தச் சாக்கு, அந்தத் தொழு, அந்த மூத்திரம், வேப்பமரத்தடி, தம்பி கூப்பிட்டது, நெற்றியில் காசு. நான் அம்மா கன்னத்தைத் தொட்டிருக்கலாம். தொட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த வேப்பமரத்தடியில் நான் வீணாக நின்றேன் என்றா சொல்கிறாள் இவள், கணக்கெழுதுகிற பெண், அரைக் கைப்பிடி கீரையைப் பறித்துக்கொண்டே? இல்லை. கருகும். கருகத்தான் வேண்டும். அது கருகவில்லை என்றால் அது செடியுடைய தப்பு.

சோறு வெந்துவிட்டது. பானையை மூடி, பிடிதுணியால் இரண்டு பக்கமும் பிடித்துச் சாய்க்கிறேன். மற்ற நாளில் கஞ்சி சட்டியில் விழும், ஆறினபிறகு தண்ணீர் கலந்து செடிக்கு ஊற்றுவேன், உப்புப் போட்டு நானும் குடிப்பேன். இன்றைக்குச் சட்டி நிறைந்ததும் ஆறவிடவில்லை. சட்டியோடு படி இறங்குகிறேன், முட்டி வலிக்கிறது, ஆவி முகத்தில் அடிக்கிறது. அவள் உட்கார்ந்திருந்த இடம் தெரிகிறது, இலைகள் சற்று மடங்கியிருக்கின்றன. அங்கே ஊற்றுகிறேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை, இலை சும்மா தலையாட்டுகிறது. பிறகு பச்சை இருளுகிறது, காம்பு துவண்டு ஒன்றின்மேல் ஒன்று சாய்கிறது, கீரை மசிக்கும்போது வருகிற வாசம் வருகிறது. சட்டி கனக்கிறது, சாய்த்த வேகத்தில் ஒரு வீச்சு என் கால்மேலேயே விழுந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மிச்சத்தையும் ஊற்றி முடித்தேன். கஞ்சி ஆடை படிந்திருந்தால் காட்டிக்கொடுத்துவிடும், வாளியில் அரிசி களைந்த தண்ணீர் இருக்கிறதே, அதை மேலே தெளித்து இலையைக் கழுவுகிறேன். இப்போது சுத்தம். நார்க்கட்டில் அகலத்துக்கு அவிந்து, கறுத்து, வழவழவென்று தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

எங்கே பார்த்திருக்கிறேன் இதை?

காலைப் பார்க்கிறேன். சிவந்து உப்ப ஆரம்பித்துவிட்டது. இதற்கு மஞ்சள் பத்துப் போடவேண்டும். போட்டுக்கொண்டு நொண்டி நொண்டி நடக்கவேண்டும், யாராவது கேட்டால் ஏதோ கொட்டிவிட்டது என்று சொல்லவேண்டும். அத்தை அப்படித்தான் சொன்னாள். அத்தையும் வடித்துச் சாப்பிடுகிறவள்தான். அந்த வீட்டில் எத்தனை பேருக்கு உலை, எவ்வளவு பெரிய பானை. ஐயோ, அம்மா. அம்மா, நான் உன்னைத் தொட்டிருக்கலாம். ஒரு பானை கஞ்சி. என்னை ஆயுசு பூரா தொழுவில் போட்டது ஒரு பானை வடிகஞ்சி. உட்கார்ந்து அழவேண்டும்போல இருக்கிறது, உட்கார இடம் இல்லை, எல்லாம் சூடாகக் கிடக்கிறது. சுகந்தியைக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாமா? இந்தா, இப்படித்தான் எனக்குச் செய்தார்கள் என்று. அவள் புரிந்துகொள்வாள், அவள் ஒருத்திக்குத்தான் புரியும். சொல்லிவிட்டால் பிறகு நான் யார்? முற்றத்துக் கதவு சத்தம் கேட்கிறது.

"வடிவு! எங்க இருக்க? மருமவ எங்க?"

"பொறவாசலுக்கு வாங்கக்கா," என்கிறேன். என் குரல் எவ்வளவு திடமாக வருகிறது. "இந்தக் கொடுமையப் பாருங்க. பிள்ளை பிள்ளைன்னு நம்பவச்சு எல்லாரையும் ஏமாத்திட்டாக்கா. தூரமா இருந்துக்கிட்டே பாத்திக்குள்ள எறங்கியிருக்கா. பூரா பொசுங்கிட்டு."

பிச்சம்மாக்கா குடையை மடக்கிக்கொண்டு வருகிறாள், கக்கத்தில் மஞ்சள் பை. பேச்சுச் சத்தம் கேட்டு சுகந்தியும் நிலைப்படிக்கு வந்துவிட்டாள். பாத்தியைப் பார்க்கிறாள். முதலில் அவளுக்குப் புரியவில்லை, பிறகு என் கையிலிருக்கிற சட்டியைப் பார்க்கிறாள், அவள் உதடு திறக்கிறது. அதற்குள் அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். கறுத்த இலையை விலக்கி மண்ணில் விரலை வைக்கிறாள், சட்டென்று எடுக்கிறாள்.

"மண்ணு சுடுதே வடிவு."

"தீட்டு சுடத்தானக்கா செய்யும்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்க்கிறாள். பிறகு என் காலைப் பார்க்கிறாள். வெகுநேரம் பார்க்கிறாள். அதே தொழுவில் அதே சாக்கில் படுத்தவள் அவள், எனக்கு முன்னாலிருந்தே படுத்தவள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததும் அவள் முகம் ஒரு நிமிஷம் உடைந்து, எனக்கு உடைந்த மாதிரியே உடைந்து, திரும்பவும் மூடிக்கொள்கிறது. விரலைச் சேலையில் துடைத்துக்கொள்கிறாள்.

"ஆமா," என்கிறாள். "அத்தைகூட அப்படித்தான சொல்லுவாவ."

"பெரியத்தை, அது சுடுகஞ்சி," என்கிறாள் சுகந்தி. "சட்டியப் பாருங்க. அவுகளே ஊத்தியிருக்காவ." அவள் படியிறங்கி, அக்காவின் கையைப் பிடித்துக் காட்ட வருகிறாள்.

அக்கா மஞ்சள் பையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். "தள்ளி நில்லு," என்கிறாள். "மேல பட்டுராத."

சுகந்தி நின்ற இடத்திலேயே நிற்கிறாள். கணு எங்காவது பிழைத்திருக்கும், ஆடிச் சாரலுக்கு மறுபடியும் தழைத்துவிடும், அப்போது பார்க்க இவள் இங்கே இருக்கமாட்டாள். என் கால் எரிகிறது. சேலையை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டு, அக்காவை உள்ளே சாப்பிடக் கூப்பிடுகிறேன்.